கழுவினாலும் மீண்டும் நிறையும் நுரையீரல்

நேயர்களுக்கு வணக்கம். மூச்சு வாங்கல், இருமல், எக்ஸ்ரேயில் இருபுறமும் வெண்படலம் என்று ஒருவர் வந்தால், நம் ஊரில் முதலில் காசநோயைத்தான் நினைப்போம். மருந்தும் மாதக்கணக்கில் ஓடும். சளியில் கிருமியோ அகப்படாது. அப்படி அலைபவர்களில் மிகச் சிலருக்கு இருப்பது பல்மனரி அல்வியோலர் புரோட்டினோசிஸ். 1958இல்தான் மருத்துவ உலகம் இதைத் தனி நோயாக அறிந்தது.

நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது கொழுப்பும் புரதமும் கலந்த மெல்லிய பூச்சு. பழைய பூச்சை மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கி அகற்றும். அது நடக்காமல் பூச்சு தேங்கி நுண்ணறைகள் நிறைவதுதான் இந்த நோய். அவற்றை அந்த வேலைக்குத் தயார்ப்படுத்துவது ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற புரதம். 1994இல் இந்தப் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கியவர்கள், ரத்த உற்பத்தி கெடும் என்று எதிர்பார்த்தார்கள். ரத்தம் ஏறக்குறைய நன்றாகவே இருந்தது; நுரையீரல்தான் நிறைந்துபோனது! இந்நோய் உள்ள மனிதர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் புரதம் இருந்தும், உடலே உண்டாக்கிய ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் அதை முடக்கிவிடுகிறது என்று 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

வழக்கமான சிகிச்சை, நுரையீரலைக் கழுவுவது. மயக்க மருந்து கொடுத்து, ஒரு நுரையீரலை வென்டிலேட்டரில் இயக்கிக்கொண்டே, மற்றதில் வெதுவெதுப்பான உப்புநீரை நிரப்பி வடிப்பார்கள். முதலில் பால்போல வரும் நீர் தெளியும்வரை பல லிட்டர் செலவாகும். சிலருக்கு ஒருமுறை கழுவினால் ஆண்டுக்கணக்கில் நிம்மதி. வேறு சிலருக்குச் சில மாதங்களிலேயே மீண்டும் நிறைந்துவிடும். கழுவுவது தேங்கியதை எடுக்கிறதே தவிர, ஆன்டிபாடியைத் தொடுவதில்லை.

இங்கேதான் முடங்கிய புரதத்தையே மருந்தாக்கி, நெபுலைசர் வழியே நேராக நுரையீரலுக்குள் அனுப்பும் முறை வருகிறது. 2019இல் ஜப்பானில் 64 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் ரத்த ஆக்சிஜன் சற்றே மேம்பட்டது. அடுத்த ஆண்டு வெளியான, 138 பேர் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வில், விட்டுவிட்டு எடுத்தவர்களைவிடத் தினமும் எடுத்தவர்களுக்குப் பலன் கூடுதல். இதுவும் கைகொடுக்காதபோது, ஆன்டிபாடி உற்பத்தியைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசியை முயல்கிறார்கள். அதன் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஸ்டீராய்டை மட்டும் பழக்கதோஷத்தில் எழுதிவிடக் கூடாது. இந்நோயில் அது தொற்றுக்குத்தான் வழிவிடும்.

இரண்டாம் முறை கழுவ வேண்டும் என்ற பேச்சு வந்தால், ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தப் புற்றுநோயாலோ பரம்பரைக் குறையாலோ வரும் வகைகளும் உண்டு. அவற்றுக்கான சிகிச்சை வழி வேறு.