வாசலுக்கும் கட்டிலுக்கும் இடையே

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டுப் பகுதியில் 108 ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராகப் பணிபுரிபவள் என்ற முறையில், எங்கள் அன்றாட வேலையைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது சைரன் ஒலியும் வேகமும்தான். வேகம் தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இந்தச் சீமையில் சில காலம் இந்த வண்டியில் ஏறி இறங்கிய எவரைக் கேட்டாலும், சாலையில் மிச்சம் பிடித்த நேரத்தை வீட்டுக்குள் தொலைக்கிறோம் என்றுதான் சொல்வார்கள். தெருவில் வண்டி நின்ற பிறகு நோயாளி படுத்திருக்கும் இடத்தை அடைவதற்கும், அங்கிருந்து அவரை வண்டிவரை கொண்டுவந்து சேர்ப்பதற்கும் ஆகும் நேரத்தைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன். நாங்கள் பெற்ற பயிற்சியும், எங்களுக்குள் இருக்கும் ஒட்டுறவும் வேலை செய்வது அந்த இடத்தில்தான்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. நீங்கள் எந்த ஊரிலிருந்து அழைத்தாலும் அழைப்பு சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்குச் சென்று, அங்கிருந்து அருகில் நிற்கும் வண்டிக்கு வரும். வண்டியில் இருவர் இருப்போம். ஒருவர் ஓட்டுநர், அவரைப் பைலட் என்றுதான் எல்லோரும் அழைக்கிறோம். மற்றவர் மருத்துவ உதவியாளர். செட்டிநாட்டில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே பழைய வீடுகளைக் கதவு எண்ணைக்கொண்டு யாரும் அடையாளம் சொல்வதில்லை. குடும்பத்தின் விலாச எழுத்துகளை, அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சொல்லி, 'அந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு' என்பார்கள். சென்னையில் அழைப்பை எடுக்கும் பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்? காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை எனத் தெருத்தெருவாகச் சுற்றிய பைலட்டுக்கு அந்த இரண்டு மூன்று எழுத்துகளே போதும். நோயாளி இருக்கும் வீடு எது, அதற்குப் பின்வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது, அந்தத் தெருவில் வண்டி திரும்புமா என்பதுவரை அவர் மனத்தில் இருக்கும்.

பின்வாசலைப் பற்றிச் சொன்னேன். இங்குள்ள பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை என்பது உங்களுக்குத் தெரியும். திண்ணை, முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, அதற்கடுத்த பகுதியான இரண்டாம் கட்டு, அதற்கும் அப்பால் அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, அத்தனை பெரிய வீட்டில் வயதான ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்கள் புழங்குவதோ பெரும்பாலும் பின்கட்டில். கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் ஊரே வந்து உட்காருவதற்காகக் கட்டப்பட்ட வீடுகளில் ஸ்ட்ரெச்சருக்கு இடம் விடவில்லை என்று கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஒரு மழைக்கால விடியற்காலையில் அப்படியொரு வீட்டுக்குப் போனோம். ஆச்சி ஒருவர் முற்றத்து ஓரத்தில் ஈரமாயிருந்த ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கி விழுந்து, இடுப்பை அசைக்க முடியாமல் இரண்டாம் கட்டில் கிடந்தார். வலது கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தது. தொடை எலும்பின் மேற்பகுதி முறிந்திருக்கக்கூடும் என்பதற்கான அடையாளம் அது. நான் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டிருந்தபோது பைலட் அண்ணன் என்னிடம் ஒன்றும் கேட்காமல் வீட்டை ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். பின்வாசல் பத்துப் பன்னிரண்டு அடியில் இருந்தது, ஆனால் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த காவற்காரர் ஊரில் இல்லை. முன்வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும், வழியில் உயரமான நிலைப்படிகள் இருக்கின்றன, சக்கரம் உதவாது என்று அவர் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். இரண்டாகப் பிரியும் ஸ்கூப் ஸ்ட்ரெச்சரை இருபுறமும் செருகிப் பூட்டி, ஆச்சியை அதிகம் புரட்டாமல் தூக்கினோம்.

கிளம்பும் நேரத்தில் ஆச்சியின் கொழுந்தனார் குறுக்கே வந்து நின்றார். "காலை முன்னாடி வச்சுக் கொண்டுபோகாதிய" என்றார். நோயாளியின் கால் முன்னும் தலை பின்னுமாகத் தூக்கிச் செல்வதுதான் எங்கள் வழக்கம். தலைமாட்டில் நிற்கும் உதவியாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும் என்பது அதற்குக் காரணம். ஆனால் நம் வீடுகளில் கால் முன்னே போவது எந்தப் பயணத்தில் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெரியவரிடம் அங்கே நின்று விவாதிப்பதில் பயனில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன், வளவிலேயே ஸ்ட்ரெச்சரைத் திருப்பிக்கொண்டோம். அதனால் ஆச்சியின் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்காமல் முதுகுப்புறமாக நடக்கவேண்டியவள் நானானேன். வழியைப் பார்க்கவேண்டியவர் அவரானார். "நிலை வருது சிஸ்டர், காலை ஒசத்தி வைங்க. இன்னும் ஒண்ணு. இப்பப் படி, மூணு இருக்கு" என்று அவர் சொல்லச் சொல்ல, ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் தெருவுக்கு வந்துசேர்ந்தேன். என் காலுக்கு அவர் கண்ணாக இருந்தார். எங்கள் வேலையில் நட்பு என்று நான் குறிப்பிடுவது இதைத்தான். சேர்ந்து தேநீர் குடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த நம்பிக்கை பயிற்சியில் தொடங்குகிறது. செவிலியர் படிப்போ உயிரியல் சார்ந்த பட்டமோ படித்துவிட்டு வருபவர்களுக்கு முதலில் வகுப்பறையிலும் பிறகு மருத்துவமனையிலும் பயிற்சி தருகிறார்கள். இதயம் நின்றுபோனவருக்குச் செய்வதுபோல், பொம்மையின் மார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6-ஐத் தாண்டாமலும் அழுத்தப் பழகுவோம். 30 அழுத்தங்களுக்கு 2 முறை மூச்சு. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுவதுமாக மேலெழ விடவேண்டும் என்பதைத்தான் புதியவர்கள் மறப்பார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும். களைத்த கை ஆழமாக அழுத்தாது. வண்டியில் இருப்பதோ இரண்டு பேர். ஆகவே பைலட்டும் இதைக் கற்றே ஆகவேண்டும். பைலட் வேலைக்கான விளம்பரங்களில் 162.5 சென்டிமீட்டர் உயரம் கேட்கப்பட்டதுண்டு. காரணத்தை நான் யாரிடமும் விசாரித்ததில்லை. ஆனால் ஒருபக்கம் தாழ்ந்த ஸ்ட்ரெச்சரில் நோயாளியைச் சுமந்து திண்ணைப்படி இறங்கியவர்களுக்கு அந்த நிபந்தனை வேடிக்கையாகத் தோன்றாது.

வகுப்பறை சொல்லித்தராத பாடங்கள் சில உண்டு. வண்டி ஓடும்போது பின்னால் நிற்பவருக்கு முன்சாலை தெரியாது. ஆகவே வேகத்தடை வருமுன் குரல் கொடுப்பதும், நான் ஊசி போடும்போது வண்டியை நிதானிப்பதும் என் பைலட் தாமாகவே பழகிக்கொண்டவை. ஒருமுறை கண்மாய்க்கரையை ஒட்டிய ஊரொன்றிலிருந்து இளைஞன் ஒருவனை ஏற்றினோம். இரவில் தரையில் படுத்திருந்தவன். வயிற்றுவலி என்று மட்டும் சொன்னான். கடிவாய் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. இமைகள் தளர்ந்து இறங்குவதும், பேச்சு குழறுவதும், பிறகு மூச்சுத் தசைகள் ஓய்வதும்தான் அதன் போக்கு. ஆகையால் பயணம் முழுவதும் அவன் இமைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் இமை இறங்கியது. கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் தொலைபேசியில் ஆலோசனை கேட்டபடி கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையைப் பொருத்தி மூச்சு கொடுக்கத் தொடங்கினேன். சேரவேண்டிய மருத்துவமனைக்கு நஞ்சுமுறிவு மருந்தை ஆயத்தமாக வைக்கும்படி தகவல் போயிற்று. அந்த வேளையில் வேகத்தைக் கூட்டுவதுதான் எவருக்கும் தோன்றும். அண்ணன் கூட்டவில்லை. என் கை பையை அழுத்தும் தாளம் கெடாத அளவுக்கே ஓட்டினார்.

மஞ்சுவிரட்டுக் காலத்தில் எங்கள் வேலை வேறு மாதிரி. காணும் பொங்கலை ஒட்டிச் சிராவயலில் நடக்கும் மஞ்சுவிரட்டுக்குப் பல வண்டிகள் வந்து நிற்கும். தொழுவிலிருந்து விடும் மாடுகளைத் தவிர, பொட்டலில் அங்கங்கே கட்டுமாடுகளையும் அவிழ்த்துவிடுவார்கள். எந்தத் திசையிலிருந்து மாடு வரும் என்று சொல்ல முடியாத இடத்தில் வண்டியை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் முகம் வைப்பது என்பதைப் பைலட்டுகள் அன்று காலையிலேயே கூடிப் பேசி முடிவு செய்வார்கள். குத்துப்படுபவர்களில் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருப்பார்கள். வயிறு கிழிந்து குடல் வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ளக்கூடாது, உப்புநீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடிக் கொண்டுவர வேண்டும் என்பதைக் கூட்டத்தினருக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லவேண்டியிருக்கிறது. அதே தை மாதத்தில் பழனிப் பாதயாத்திரையும் வந்துவிடும். குன்றக்குடியைக் கடந்து இரவில் சாலையோரமாக நடப்பவர்களை நினைத்து அந்த வாரம் முழுவதும் எங்களுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்காது.

பணி 12 மணி நேரம். மாறும் நேரத்தில் வந்தவரும் போகிறவரும் சேர்ந்து ஆக்சிஜன் அளவைப் பார்ப்பார்கள். உறிஞ்சு கருவியை ஓட்டிப் பார்ப்பார்கள். பிரசவப் பெட்டியின் முத்திரை பிரிந்திருக்கிறதா என்று கவனிப்பார்கள். கடைசி ஓட்டத்தில் இரத்தம் சிந்தியிருந்தால் கிருமிநாசினி விட்டுக் கழுவி முடிக்காமல் பழைய ஆள் வீட்டுக்குப் போவதில்லை. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமசுக்கும் யார் யாருக்குப் பதிலாக நிற்பது என்பது யாரும் எழுதிவைக்காத கணக்கு. ஆனால் ஒருவரும் மறந்ததில்லை. ஏப்ரல் 2-ஆம் தேதியை மருத்துவ உதவியாளர் நாளாகவும், மே 26-ஆம் தேதியைப் பைலட் நாளாகவும் எங்கள் சேவையில் கொண்டாடுகிறார்கள். இரண்டு நாளும் கேக் வெட்டுகிறோம். பெரும்பாலும் பாதியில் அழைப்பு வந்துவிடும். குழந்தை ஒன்றைக் காப்பாற்ற முடியாமற்போன இரவுகளில் நாங்கள் அதைப் பற்றி உடனே பேசுவதில்லை. டயரில் காற்று குறைந்திருக்கிறது, வீட்டில் என்ன சாப்பாடு என்று ஏதாவது பேசுவோம். மறுநாளோ மறுவாரமோ ஒருவர் தொடங்குவார். அப்போது மற்றவர் கேட்டுக்கொள்வார்.

எங்களுக்கு ஆற்றாமை தரும் விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நோயாளியை ஒப்படைத்த பிறகு மருத்துவமனையில் கட்டில் காலியாக இல்லையென்றால், அவர் எங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பார். ஸ்ட்ரெச்சர் திரும்பாமல் வண்டி அடுத்த அழைப்புக்குப் போக முடியாது. நெரிசல் மிகுந்த ஒரு மருத்துவமனையில் நாங்கள் அப்படி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது, எங்களுக்கு வந்திருக்கவேண்டிய ஓர் அழைப்பைத் தொலைவிலிருந்த வேறொரு வண்டி எடுத்துக்கொண்டு போயிற்று. அங்கிருந்த செவிலியர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களும் இரண்டு கைகளை வைத்துக்கொண்டு எத்தனை பேரைப் பார்ப்பார்கள்? உபரியாகச் சில தள்ளுபடுக்கைகள் வாசலிலேயே இருந்தால் தீரக்கூடிய சிக்கல் இது என்பது என் எண்ணம்.

நேயர்கள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பின்வாசல் சாவி வீட்டுக்குள்ளேயே, எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் தொங்கட்டும். வண்டி வரும் நேரத்தில் ஒருவர் தெருமுனையில் நில்லுங்கள். இரவென்றால் கையில் டார்ச் இருக்கட்டும். கட்டிலிலிருந்து வாசல்வரை வழியில் கிடக்கும் நாற்காலி, மிதியடி, ஈரத்துணி ஆகியவற்றை அகற்றிவிடுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் மருத்துவச் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். சாலை விபத்தைப் பார்த்தால் போலீஸ் விசாரணைக்கு அஞ்சி ஒதுங்காதீர்கள். உதவுபவரைத் தம் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் 2020-இல் வந்த விதிகளே சொல்கின்றன. செலவை நினைத்தும் தயங்கவேண்டியதில்லை; விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காகவே 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தை அரசு தொடங்கியிருக்கிறது. 108-ஐ அழைத்து முடித்ததும் அதே தொலைபேசியில் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் பேசத் தொடங்கிவிடாதீர்கள். வழி கேட்டு எங்கள் பைலட் அழைக்கப்போவது அந்த எண்ணைத்தான். உறவினர்களுக்குச் சொல்ல வேறொருவர் தொலைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.