மூடி மறைத்ததே காட்டிக் கொடுத்தது

நடுவர் ஐயா அவர்களே, கிளிநொச்சி மண்டபம் நிறைய வந்திருக்கும் பெரியோரே, தாய்மாரே, தம்பி தங்கையரே, வணக்கம்.

அரசியல்வாதிகளின் குட்டு வெளிப்படக் காரணம் ஊடகமா, அவர்களே செய்யும் மூடிமறைப்பா? மூடிமறைப்புத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தங்கச்சி அமெரிக்காவின் வாட்டர்கேட் ஊழலை எடுத்து, இரண்டு செய்தியாளர்கள் ஜனாதிபதி நிக்சனையே வீழ்த்தினார்கள் என்றார். சரி, ஆனால் இடையில் ஒரு தேர்தல் நடந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் பிடிபட்டது 1972 யூன் 17இல். அந்த இருவரும் விடாமல் எழுதினார்கள். அப்படியிருந்தும் நவம்பரில் நிக்சன் 50 மாநிலங்களில் 49ஐ அள்ளிக்கொண்டு போனார். எழுத்து அவரை அசைக்கவில்லை, ஐயா!

அசைத்தது எது? அவரே தன் அறையில் பூட்டுவித்த ஒலிப்பதிவுக் கருவி. நாடாக்களைத் தரவே மாட்டேன் என்று உயர்நீதிமன்றம் வரை மல்லுக்கட்டினார். ஒரு நாடாவில் பதினெட்டரை நிமிடம் பேச்சே இல்லை, வெறும் இரைச்சல். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் எதையோ அழித்துவிட்டார்கள் என்று ஊர் உலகமெல்லாம் பேசியது. கடைசியில் 1974 ஒகஸ்ட் 5இல் வெளிவந்த நாடாவில் இருந்தது, விசாரணையைத் தடுக்க உளவுத்துறையைப் பயன்படுத்த அவர் சம்மதித்த பேச்சு. நாலாம் நாள் பதவி போய்விட்டது. புகுந்தவர்களை அவர்தான் அனுப்பினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. மறைக்கப் போனார், அதிலேயே அகப்பட்டார்.

பிரித்தானியாவில் 2009இல் எம்பீக்களின் செலவுக் கணக்கைப் பத்திரிகைதானே போட்டது என்பீர்கள். அந்தப் பத்திரிகைக்கு அது கிடைத்தது எப்படி? கணக்கைக் காட்டமாட்டோம் என்று பாராளுமன்றம் வழக்காடித் தோற்றது. பிறகு, வெளியிடுமுன் மறைக்க வேண்டியதை மறைக்கவென்று பற்றுச்சீட்டுகளைக் கணினியில் ஏற்றினார்கள். கசிந்தது அந்தப் பிரதிதான்! அதன் பிறகும் அதிகாரபூர்வப் பிரதியை வரிவரியாகக் கறுப்படித்து வெளியிட்டார்கள். மக்களுக்கு இன்னும் கோபம் ஏறியது. அந்தக் கறுப்படித்த பிரதி வருமுன்பே, சபாநாயகர் மைக்கல் மார்ட்டின் பதவி விலகுவதாக அறிவிக்க நேர்ந்திருந்தது. முந்நூறு ஆண்டுகளில் எந்தச் சபாநாயகருக்கும் அந்தக் கதி வந்ததில்லை.

இங்கேயும் 2024இல் சபாநாயகர் அசோக ரன்வலவின் பெயருக்கு முன்னிருந்த 'கலாநிதி' பாராளுமன்ற இணையத்தளத்திலிருந்து எடுபட்டது. அந்தப் பட்டம் அவருக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்ற கேள்வி அடங்கியதா? டிசம்பர் 13இல் அவர் விலகினார்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இறங்க என்னால் முடியாது. 2017 பெப்ரவரி 20இல் இங்கே கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் வந்து அமர்ந்தார்கள். போர் முடிவில் இராணுவத்திடம் எங்கள் கையால் ஒப்படைத்த, பிறகு காணாமல்போன பிள்ளைகளின் பட்டியலைத் தாருங்கள் என்றார்கள். ஆட்சிகள் மாறின, பட்டியல் வரவில்லை. வெயிலிலும் மழையிலும் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். கேள்வி ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை வரை போனது. பட்டியலைத் தராமல் வைத்திருப்பதே அதில் ஏதோ இருக்கிறது என்று அந்தத் தாய்மாருக்குச் சொல்லிவிட்டது. இதை எந்தப் பத்திரிகை அவர்களுக்கு எழுதிச் சொன்னது? எதிரணி பதில் சொல்லட்டும், ஐயா.