பால் எங்கே போனது?

நேயர்களுக்கு வணக்கம். நான் சில ஆண்டுகள் மாட்ரிட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். ஓரளவு ஆங்கிலம் கைவந்த பிறகும் அவர்களைப் பாடாய்ப் படுத்துவது ஒன்று உண்டு. வினைச்சொல்லோடு அப், அவுட், ஆஃப் என்று ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு பொருளையே மாற்றிவிடுமே, அந்த ஃப்ரேசல் வெர்ப்தான்.

என் வகுப்பில் ஒரு செவிலியர் இருந்தார். ஆங்கிலத் தலையங்கத்தைத் தடங்கலில்லாமல் வாசிப்பார். லத்தீன் வழி வந்த பெரிய சொற்களெல்லாம் அவருக்கு உறவுக்காரர்கள். நெருப்பை அணைக்க 'எக்ஸ்டிங்விஷ்' என்றால் உடனே புரியும். ஸ்பானிஷிலும் 'எக்ஸ்டிங்கிர்' இருக்கிறது. அதையே 'புட் அவுட்' என்றால் திகைத்துவிடுவார். நம் பிள்ளைகள் பயப்படுகிற சொல் அவருக்கு எளிது. எளிது என்று நாம் நினைப்பது அவருக்குக் கடினம்.

அவர் லண்டனுக்கு வேலைக்குப் போனார். ஒருநாள் காலையில் வீட்டுக்கார அம்மா பால் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, "தி மில்க் ஹேஸ் கான் ஆஃப்" என்றாராம். இவர் பாட்டிலைப் பார்க்கிறார். பால் அப்படியே இருக்கிறது. போய்விட்டது என்கிறாரே, எங்கே போனது? அன்று மாலை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பால் கெட்டுவிட்டது, அவ்வளவுதான் என்றேன். "எங்கள் ஊரில் பால் வெட்டுப்பட்டது என்போம். அது எப்படிப் போகும்?" என்று கேட்டார்.

அன்று இரவெல்லாம் அதே நினைப்பு. நாம் பால் திரிந்துவிட்டது என்கிறோம். திரிவது என்றால் அலைவதும்தானே! கெட்டுப்போனது என்கிறோம். அந்தப் 'போனது' எங்கேயும் நடந்து போகவில்லையே. நாம் துணைவினையை வைத்துச் செய்வதை ஆங்கிலம் அந்தக் குட்டிச் சொல்லை வைத்துச் செய்கிறது. 'ஈட்' என்றால் சாப்பிடு, 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடு. இந்த 'அப்' மேலே அல்ல, முழுசாக.

ஸ்பானிஷிலும் இதற்குப் பக்கத்தில் ஒன்று உண்டு: 'கோமெர்' சாப்பிடுவது, 'கோமெர்சே' முழுதும் சாப்பிட்டுவிடுவது. மறுபடி தொலைபேசியில் பேசும்போது இதைச் சொன்னதும் அந்தச் செவிலியரின் குரலே தெளிந்தது. அதிலிருந்து நான் பட்டியல் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். முழுசாக என்ற பொருள் தரும் 'அப்' எல்லாம் ஒரு வாரம், அப்புறம் அணைவது, தீர்வது என்று வரும் 'அவுட்' ஒரு வாரம். குட்டிச் சொல்லைப் பிடித்தால் வினைகள் கூடவே வரும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சரி, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 'புட் அவுட்' போன்றவற்றில் 'இட்' வந்தால் நடுவில்தான் நிற்கும்: 'புட் இட் அவுட்'. ஏமாற்றும் சொற்களைப் பற்றியும் பேச நினைத்தேன். ஸ்பானிஷில் 'எம்பராசாடா' என்றால், ஆங்கில 'எம்பாரஸ்ட்' போல ஒலித்தாலும், வெட்கப்பட்டவள் அல்ல, கர்ப்பிணி. நன்றி, வணக்கம்.