ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

(நாகர்கோவிலில் ஒரு குடியிருப்போர் நலச் சங்க ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கு இடையே வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, மாநகராட்சிப் பொறியாளர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, தாய்மார்களே! விட்டுப்போனவர்கள் பொறுத்தருள வேண்டும். அனைவருக்கும் வணக்கம்.

தண்ணீரைச் சிக்கனமாகக் குடிக்கும் தோட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். புல், சட்டம், செடி என்று மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன்.

முதலில் புல். என் மைத்துனர் தக்கலைப் பக்கம் வீடு கட்டி, முற்றம் முழுக்கக் கொரியன் புல் பதித்தார். சித்திரை வெயிலில் காலையும் மாலையும் ஹோஸும் கையுமாக நின்றார். கிணறு வற்றியது. மோட்டார் காற்றை இழுத்தது. லாரித் தண்ணீர் வாங்கினார். வீட்டில் குளிக்க ஆளுக்கு ஒரு வாளி; புல்லுக்கு ஒரு லாரி! அவருடைய அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். மகன் கல்யாண வீட்டுக்குப் போன நேரம், பக்கத்து வீட்டுப் பசுவை அவிழ்த்து கேட்டுக்குள் விட்டுவிட்டார். திரும்பி வந்தவர் தலையில் கைவைத்து நின்றார். அம்மா அசையவில்லை. மகனைப் பார்த்துச் சொன்னார்: "மக்களே, லாரிக்குக் கொடுத்த காசுக்குப் பாலாவது கிடைக்கட்டும்!" (சிரிப்பு) ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதை அந்த அம்மா ஏட்டில் படித்தா தெரிந்துகொண்டார்? இப்போது அந்த முற்றத்தில் தெச்சியும் செம்பருத்தியும் நிற்கின்றன. தூரில் கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, அடுக்கியிருக்கிறார்கள், ஈரம் காய்வதில்லை.

அடுத்து சட்டம். கலிபோர்னியாவில் 500 சதுர அடிக்கு மேல் புதுத் தோட்டம் போட்டால் தண்ணீர்க் கணக்குக் காட்ட வேண்டும். லாஸ் வேகாஸில் வீட்டுப் புல்லைப் பெயர்த்தால் நீர் வாரியமே பணம் தருகிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ! நம் மாநகராட்சியும் கட்டட அனுமதியோடு இப்படி ஒரு விதியைச் சேர்க்கலாம். பொறியாளர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, பல வீடுகளில் குழாய் இறங்குகிறது, குழி எங்கே?

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து குளம் குளமாக நிரப்பிய மண். குளத்தில் மண்ணடித்து மனை போட்டுவிட்டு, அந்த மனையில் தண்ணீர் குடிக்காத செடி வைத்தால் ஆயிற்றா?

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். செடி பற்றி இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன். நம் வார்டுக் குளத்தை அளந்து எல்லைக்கல் நட வேண்டும் என்ற மனு அந்த மேசையில் இருக்கிறது. மாமன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட்டு, சர்வேயர் வரும் தேதியையும் வாங்கித் தர வேண்டும். தாய்மார்கள் கையெழுத்துப் போடாமல் சாப்பாட்டுப் பந்திக்குப் போகாதீர்கள்!