முகமே இல்லாத நடையில் உணர்ச்சி தெரியுமா? ஆட்டிசமும் உடல் அசைவும்

[திரை முழுக்கக் கறுப்பு. சில வெள்ளைப் புள்ளிகள் அசையாமல் நிற்கின்றன.]

வணக்கம். திரையில் இருக்கிற புள்ளிகளைப் பாருங்கள். இப்போதைக்கு ஏதோ சிதறிக் கிடக்கிற மாதிரிதான் இருக்கும்.

[புள்ளிகள் நகரத் தொடங்குகின்றன.]

இப்போது? யாரோ நடக்கிறார், இல்லையா? முகம் இல்லை, உடை இல்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973இல் இந்த முறையை உலகுக்குக் காட்டினார். புள்ளிகள் நகர்ந்த கணமே மனித நடை என்று மூளை கண்டுகொள்கிறது.

[நடை மாறுகிறது. அடி மெதுவாகிறது, கை வீச்சு குறைகிறது, தோள் தொங்குகிறது.]

இவருக்கு என்னவோ கவலை என்று தோன்றுகிறதா? அதே புள்ளிகள் வேகமாக, வெடுக் வெடுக்கென்று நகர்ந்தால் கோபம் என்போம். முகமே தேவைப்படவில்லை.

சரி, ஆட்டிசம் உள்ளவர்களிடம் இதைக் காட்டினால்? நடப்பது மனிதர்தான் என்பதைப் பலர் நன்றாகவே சொல்லிவிடுகிறார்கள். என்ன உணர்ச்சி என்று கேட்கும்போதுதான் சராசரி மதிப்பெண் இறங்குகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஆனால் இது சராசரி. மற்றவர்களுக்கு நிகராகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு, "அவர்களுக்கு அடுத்தவர் மனசு புரியாது" என்று முடித்துவிடுகிறார்கள். அது தவறு, அநியாயமும்கூட. ஏன் என்று பார்ப்போம்.

[ஒரு கை இடமிருந்து வலமாக நகர்கிறது. கீழே அதன் வேகத்தைக் காட்டும் கோடு.]

கையைப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தொடக்கத்தில் வேகம் குறைவு, நடுவில் கூடும், முடிவில் மறுபடி குறையும். 2013இல் ஜெனிஃபர் குக், சாரா ஜெயின் பிளேக்மோர், கிளேர் பிரஸ் மூவரும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் கையசைவை அளந்தார்கள். அந்தக் கோடு அவ்வளவு வழவழப்பாக இல்லை. வேகம் அதிகம், திடீர்த் திடீர் மாற்றமும் அதிகம்.

அதற்கும் உணர்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? அடுத்தவர் அசைவை நாம் நம் சொந்த அசைவை அளவுகோலாக வைத்தே எடைபோடுகிறோம் போலிருக்கிறது. இயல்பாகவே வேகமாக நடப்பவர்களுக்கு ஒரு கோபமான நடை அவ்வளவு கோபமாகத் தெரிவதில்லை என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அப்படியென்றால் அசைவே வேறு மாதிரி இருப்பவருக்கு நம் உடல்மொழி கொஞ்சம் அந்நியமாகத் தெரிவதில் வியப்பில்லை.

அதோடு, இது இருபக்கத் தடுமாற்றம். 2016இல் நடந்த ஒரு சோதனையில், ஆட்டிசம் உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் இரண்டு முக்கோணங்களை நகர்த்தி "கேலி செய்வது", "கெஞ்சி இணங்க வைப்பது" போன்றவற்றை நடித்துக் காட்டச் சொன்னார்கள். ஆட்டிசம் இல்லாதவர்களால் தங்களைப் போன்றவர்கள் நகர்த்தியதை நன்றாகப் படிக்க முடிந்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் நகர்த்தியதைப் படிப்பதில் அவர்களே திணறினார்கள். ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012லேயே, புரிதல் உடைவது இரு தரப்புக்கும் நடுவில்தான் என்று எழுதியிருந்தார்.

இன்னொன்று. தன் உணர்ச்சியையே அடையாளம் கண்டு பெயர் சொல்லத் தடுமாறும் நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். பொதுவாக நூற்றில் ஐந்து பேர் அளவில் இருக்கிற இது, ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கிறது. அதனால் வரும் சிரமமும் ஆட்டிசத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

[இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கைகளை வேகமாக உதறுகிறார்.]

அப்புறம், நடைமுறைக்கு வருவோம். உங்களுக்கு வருத்தம் என்றால், தோளைத் தொங்கப் போட்டுவிட்டு, எதிரில் இருக்கும் ஆட்டிசம் உள்ளவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அதேபோல, இவர் கைகளை உதறுகிறாரே, அது பதற்றமாக இருக்கலாம், அளவில்லாத சந்தோஷமாகவும் இருக்கலாம். நீங்களாக முடிவுகட்டாமல் அவரிடமே கேளுங்கள். பேச்சு கடினம் என்றால், எழுதியோ படத்தைத் தொட்டுக் காட்டியோ பதில் சொல்ல அவருக்கு நேரம் கொடுங்கள்.