பொந்து விழுந்த மரம்

வணக்கம் நேயர்களே. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் பக்கம் மரவேலை பார்ப்பவன் நான். கிளை கழிப்பது, சாய்ந்ததை இறக்குவது, ஆபத்தாக நிற்பதை வெட்டுவது, இதுதான் பிழைப்பு. செயின்சா பிடிக்கிற கையை வைத்துக்கொண்டு நான் கேட்க வந்தது ஒன்றுதான். வயசான மரத்தை, அதிலும் பொந்து விழுந்த மரத்தை, அவசரப்பட்டு வெட்டச் சொல்லாதீர்கள்.

2024 ஜூன் 3-ஆம் தேதி டோங்காட்டில் சுழற்காற்று அடித்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். உயிர்கள் போயின, கூரைகள் பறந்தன, மரங்கள் வேரோடு சாய்ந்தன. அதிலிருந்து எனக்கு வரும் போன்களில் ஒரே பேச்சு: "தம்பி, மரம் உள்ளே கோறையாப் போச்சு, வந்து எடுத்துடுப்பா." அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் தூங்குகிற கூரைக்கு மேலே கிளை ஆடினால் எந்த ஆயாவுக்குத் தூக்கம் வரும்? ஆனால் கோறையான மரமெல்லாம் விழப்போகிற மரம் இல்லை. அதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மரத்துக்கு உயிர் இருப்பது பட்டைக்கு அடியில், வெளிப்பக்கத்தில். தண்ணீர் ஏறுவதும் சத்து இறங்குவதும் அங்கேதான். நடுவில் இருக்கிற வைரம் உயிரோட்டம் நின்றுபோன கட்டை. வயசாக ஆக அதைப் பூஞ்சை தின்னும், கரையான் தின்னும், மரம் பாட்டுக்குத் தழைத்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் அலெக்ஸ் ஷிகோ என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின்சாவால் நீளவாக்கில் பிளந்து பார்த்தவர். நம் உடம்பில் புண் ஆறுவது போல மரத்தில் ஆறுவதில்லை, கெட்டுப்போன பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள் தடுப்பு எழுப்பிவிட்டு அதற்கு வெளியே புதுசாக வளர்கிறது என்று காட்டியவர் அவர்தான். வெட்டின இடத்தில் பெயிண்ட் அடிப்பதால் பயன் இல்லை என்றும் சொன்னார். இன்றைக்கும் நம் ஊரில் தார் பூசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சந்தேகமான மரத்தை நான் முதலில் மரச்சுத்தியலால் தட்டுவேன். அடிமரத்தைச் சுற்றி வந்து, ஒரு சாண் இடைவெளி விட்டு, காதைக் கிட்டே வைத்துத் தட்ட வேண்டும். கெட்டியான இடம் கிண்ணென்று கேட்கும், கோறையான இடம் தொம்மென்று கேட்கும். அப்புறம் துளைபோட்டு அளந்தால் சுற்றுச்சுவர் எவ்வளவு கனம் என்று தெரிந்துவிடும். ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு நல்ல கட்டையாக இருந்தால் மரம் பெரும்பாலும் தாங்கும் என்பது எங்கள் தொழிலில் ஒரு கணக்கு. வேர் அழுகியிருக்கிறதா, மண் வெடித்திருக்கிறதா, பொந்தின் வாய் ஒரு பக்கமாகப் பிளந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். தலைப்பாரத்தைக் கொஞ்சம் குறைத்தாலே பல மரங்கள் இன்னும் ரொம்ப காலம் நிற்கும். குறைக்கும்போது கிளையின் அடியில் தடித்து நிற்கும் வளையத்தைத் தொடக் கூடாது. அதை ஒட்டச் சீவிவிட்டால் மரம் அந்தக் காயத்தை மூட முடியாமல் திணறும்.

இப்போது அந்தப் பொந்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். நம் கரையோரத்தில் குழந்தை அழுவது போலக் கத்திக்கொண்டு பறக்குமே, ட்ரம்பெட்டர் ஹார்ன்பில், இருவாச்சி இனம், அதற்குப் பெரிய மரத்துப் பொந்து இல்லாமல் குடித்தனமே கிடையாது. பெட்டை உள்ளே போய் உட்கார்ந்ததும் வாசலைச் சேற்றாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிஞ்சும். ஆண் வாரக்கணக்கில் பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்டும். கயிற்றில் தொங்கிக்கொண்டு நான் அதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். பூச்சு காய்ந்து பட்டையின் நிறத்திலேயே இருந்தது. அந்தக் கீற்றுக்கு நேர் கீழே தரையில் அத்திவிதைகளும் வெள்ளை எச்சமும் கிடந்திராவிட்டால் கூடு என்றே தெரிந்திருக்காது. அன்றைக்கு ரம்பத்தை இறக்கிவிட்டு வீட்டுக்காரரிடம், "அண்ணே, குஞ்சு பறக்கட்டும், அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

பட்டுப்போன கிளையும் அப்படித்தான். சிவப்பு முகமும் கறுப்புக் கழுத்துப் பட்டையும் கொண்ட குக்குறுவான், ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கத்துமே, அது பச்சைக் கட்டையில் துளை போடாது, செத்த கட்டையில்தான் குடையும். அது விட்டுப்போன துளைக்கு வேறு பறவை வரும். கூகைக்கு, வௌவாலுக்கு, தேனீக்கு எல்லாம் பொந்துதான் வீடு. உள்நாட்டில் தரை இருவாச்சி என்று வான்கோழி அளவு பறவை ஒன்று உண்டு. சூலு மக்கள் இன்சிங்கிசி என்பார்கள், மழையோடு சேர்த்துப் பேசுவார்கள். அது நுழைகிற அளவு பொந்துள்ள மரங்கள் குறைந்துபோய், இன்று மனிதர்கள் செயற்கைக் கூடு செய்து மரத்தில் ஏற்றி வைக்கிறார்கள். ஒரு மரத்தில் அந்த அளவு பொந்து உண்டாகத் தலைமுறைகள் ஆகும்.

கரும்புக் காட்டு ஓரத்து மரங்களைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகவே கவலைப்படுகிறேன். 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பலில் நம் முன்னோர் கரும்புத் தோட்டக் கூலிகளாக டர்பனில் வந்து இறங்கிய காலத்தில் இந்தக் கரையோரத்தில் காடு இன்னும் நிறைய இருந்தது. கரும்பு வந்தபின் ஓடைப் பள்ளங்களிலும் ஆற்றங்கரையிலும்தான் மிச்சம். அங்கே நிற்கிற அத்தி, சூலுவில் உம்கிவானே, நம் ஊர் அத்தி மாதிரியே அடிமரத்திலும் தடித்த கிளையிலும் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். ஒவ்வொரு அத்தி வகைக்கும் அதற்கென்றே உள்ள குளவிகள் உள்ளே புகுந்தால்தான் விதை பிடிக்கும். ஒரு மரம் ஓய்கிறபோது இன்னொன்று பழுப்பதால் குளிர்காலத்திலும் பறவைகளுக்குத் தீனி இருக்கும். அறுப்புக்கு முன் கரும்புக்குத் தீ வைக்கிற நாளில் போய்ப் பாருங்கள். மேலே பருந்துகள் வட்டமிடும். எலியும் பூச்சியும் பாம்பும் தப்பி ஓடுவது அந்தப் பள்ளத்து மரங்களை நோக்கித்தான். 2022 ஏப்ரல் வெள்ளம் எத்தனை ஆற்றங்கரைகளை அரித்துப்போனது என்று நமக்குத் தெரியும். கரையைப் பிடித்து நிற்கிற வேரை "இடைஞ்சல்" என்று வெட்டச் சொல்கிறவர்களிடம் நான் வேலை எடுப்பதில்லை.

பாரக்ஸ் என்கிற பழைய தோட்டக் கூலி வீடுகள் பக்கம் நம் ஆட்கள் வைத்த மாமரங்களும் அப்படியே. வீடுகள் போய்விட்டன, மரம் நிற்கிறது. இரவில் தடித்த வால் புஷ்பேபி, நம் தேவாங்குக்குச் சொந்தம், வந்து பழம் தின்றுவிட்டுப் போகிறது.

வெட்டியே ஆக வேண்டிய மரமும் உண்டு. ஷாட் ஹோல் போரர் என்ற வண்டு எள்ளு அளவுதான் இருக்கும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. 2017-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் தோட்டத்தில் பிளேன் மரங்களில் கண்டுபிடித்தார்கள். அது துளைத்த வழியில் ஒரு பூஞ்சையை வளர்க்கிறது, அந்தப் பூஞ்சைதான் மரத்தைக் கொல்கிறது. அவகாடோ, பாக்ஸ் எல்டர், கல்யாண முருங்கைக்குச் சொந்தமான நம் சிவப்புப்பூ கோரல் மரம் எல்லாவற்றையும் பிடிக்கும். பட்டையில் பேனா முனை அளவுத் துளைகள், அதைச் சுற்றிக் கறை, மாவு மாதிரித் தூள் கண்டால் சொல்லுங்கள். அந்தக் கட்டையை பக்கி வண்டியில் ஏற்றி, ப்ரை போட, அதாவது இறைச்சி சுட, விறகு என்று இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். வண்டு பரவுவதற்கு அதுவே பெரிய வழி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1998-ஆம் ஆண்டு தேசியக் காடுகள் சட்டப்படி இயற்கைக் காட்டு மரத்தை உரிமம் இல்லாமல் வெட்ட முடியாது. மருலா, வெள்ளை மில்க்வுட் போலப் பாதுகாக்கப்பட்ட மரங்களின் பட்டியலில் உள்ளவை உங்கள் சொந்தத் தோட்டத்தில் நின்றாலும் அப்படித்தான்.

எந்த மரவேலைக்காரரைக் கூப்பிடுவதானாலும், அதற்கு முன் இரண்டு மூன்று நாள் பொழுது சாயும் நேரத்தில் நாற்காலியைப் போட்டு மரத்துக்கு எதிரே உட்காருங்கள். எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று பாருங்கள். தேனீ என்றால் முதலில் தேனீ பிடிக்கிறவருக்குச் சொல்லுங்கள், இந்த நாட்டுத் தேனீ விரட்டி விரட்டிக் கொட்டும். பறவை என்றால் வசந்தமும் கோடையும் கழியட்டும். அவசரம் இல்லாத வேலையை மே, ஜூனுக்குத் தள்ளிவையுங்கள். வருகிறவர் மரத்தைத் தட்டிக்கூடப் பார்க்காமல் விலை சொன்னால், இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

நன்றி. வணக்கம்.