நிழல் இருந்தால் பையன் எழுந்து நடப்பான்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, வருடம் தவறாமல் காவடி எடுத்து எங்களைப் பழனிக்கு அழைத்துப் போகிற குருசாமி அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி தந்த ஆலைக்காரர் ஐயா அவர்களே, முதல்முறை மாலை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

விரதம், வழி, துணை என்று மூன்று செய்தி சொல்ல வந்தேன். விரதம் பற்றி குருசாமியே சொல்லிவிட்டார். நான் பழனிக்கு நடக்கிற வழியைப் பற்றிச் சொல்கிறேன். "நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை" என்று எங்க அப்பாரு சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்குச் சாட்சி என் அக்கா மகன்.

பத்தொன்பது வயசு. மூன்று பேப்பர் அரியர். சொந்தக்காரர்கள் வந்தால் அறையை விட்டு வெளியே வரமாட்டான். அக்கா அழுததற்காக மாலை போட்டான், மற்றபடி சாமி மேல் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. காங்கயத்திலிருந்து தாராபுரம் வரை வாயே திறக்காமல் கடைசி ஆளாக வந்தான். தாராபுரம் தாண்டி உச்சி வெயில், தார் ரோடு, வெறுங்கால். குதிகால் கொப்புளம் உடைந்து ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். "மாமா, நீங்க போங்க, நான் பஸ் ஏறிக்கிறேன்" என்றான். இரண்டு மலையைத் தூக்கி வந்த இடும்பனே பழனியில் இறக்கி வைத்த பிறகு திரும்பத் தூக்க முடியாமல் தவித்தான், இவன் சின்னப் பையன்.

அந்த மரத்தடியில் ஒரு வயசான அம்மா பானையில் மோர் வைத்திருந்தார். கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்ட மோர். யார், எந்த ஊர் என்று ஒன்றும் கேட்கவில்லை. சேலை முந்தானையை நனைத்துக் காலைத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, "எம் பையனும் இங்க உட்கார்ந்துதான் எந்திரிச்சான், நீயும் எந்திரிப்ப சாமி" என்றார். அரைமணி நேரம் கழித்து எழுந்தவன், முட்டிவலியோடு வந்த ஒரு பெரியவரின் காவடியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். சாயங்காலம் "அரோகரா" சொல்லி எங்களுக்கு முன்னால் நடந்தவன் அவன்தான். சண்முக நதியில் குளிக்கும்போது, "மாமா, அந்த மரத்தடியிலயே முருகன் நம்ம கூட இருக்காருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றான். ஊருக்கு வந்து பரீட்சை எழுதினான், இரண்டு பேப்பர் பாஸாகிவிட்டது, மூன்றாவதற்குப் படிக்கிறான். இப்போது உறவுக்காரர்கள் வந்தால் வாசலுக்கு வந்து வாங்க என்கிறான். நடந்தால் நாடெல்லாம் உறவு!

போன தைப்பூசத்துக்கு அதே இடத்தைத் தேடினோம். சாலை அகலமாகியிருந்தது, மரம் இல்லை. அந்த அம்மா ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு அதே பானையோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வண்டிக்குச் சாலை வேண்டும், சரி. நடக்கிறவனுக்கு உட்கார ஒரு நிழல் வேண்டாமா? அடுத்து ஒரு பையன் கொப்புளத்தோடு வந்தால் எங்கே உட்காருவான்?

துணை பற்றிச் சொல்ல நேரமில்லை, மன்னிக்கணும். அந்தச் சாலையோரம் நாமே மரக்கன்று நடுவோம். வேம்பும் புங்கனும் சீக்கிரம் நிழல் தரும், கூடவே நம் பேரன்களுக்காகப் புளியும் வைப்போம். ஆடு கடிக்காமல் கிளுவை முள் கட்டணும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஊருக்கு நாலு பேர் பெயர் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் குழி எடுக்கிறோம், கடப்பாரை உள்ளவர்கள் கொண்டு வாங்க. முதல் கன்று வைக்க அந்த மோர் அம்மா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், என் அக்கா மகன்தான் வண்டியில் கூட்டி வருகிறான்.